காற்றுக்கும் மடை உண்டு

மேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒருவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரணையில் பிரிந்து, கள்ளந்திரியைக் கடந்து, பெரியாற்றுக் கால்வாய் நம் ஊர்ப் பக்கம் வந்து சேரும்போது, மடையைத் திறந்தால் நீர் எந்தப் பக்கம் பாயும், குறுக்கே ஒரு கல்லைப் போட்டால் அதன் முன்னால் எப்படி மேலெழும், பின்னால் எப்படிச் சுழிக்கும் என்பதையெல்லாம் அவன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வரப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிடுகிறான். ஆனால் தலைக்கு மேலே ஓடுகிற இன்னொரு பிரவாகத்தை, அதாவது காற்றை, புழுதி பறக்கிற ஆடி மாதத்தைத் தவிர மற்ற நாட்களில் நாம் நினைப்பதே இல்லை. அது கண்ணுக்குத் தெரியாதது என்பது ஒரு காரணம். அதற்குத் தண்ணீர்த் தீர்வை கிடையாது என்பது மற்றொரு காரணமாக இருக்கலாம்.

நான் முதன்முதலாகக் காற்றைக் 'கண்டது' அரிட்டாபட்டியில். 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கிராமத்தின் குன்றுகளில், லகர் வல்லூறும் ஷாஹீன் வல்லூறும் இராசாளிப் பருந்தும் வாழ்கின்றன. சமண முனிவர் தங்கிய குகைகளையும், பாறையைக் குடைந்தமைத்த சிவாலயத்தையும் பார்க்கப் போகிறவர்கள், வெயில் ஏறியபின் சற்று அண்ணாந்து பார்த்தால், ஒரு பருந்து சிறகை ஒரு முறைகூட அடிக்காமல், வட்டமிட்டு வட்டமிட்டு மேலே மேலே போய்ப் புள்ளியாகிவிடுவதைக் காணலாம். சிறகடிக்காமல் உயரம் எங்கிருந்து வருகிறது? பாறை சூடேறுகிறது, பாறையைத் தொட்ட காற்றும் சூடேறி, லேசாகி, தூண்போல மேலெழுகிறது, பருந்து அந்தத் தூணுக்குள் புகுந்துகொண்டு, அதன் எல்லையை விட்டு வெளியே போகாமல் சுற்றுகிறது. இவ்வளவுதான் ரகசியம். இந்த ரகசியத்தை மனிதன் துணியாலும் கயிற்றாலும் அப்படியே எடுத்துக்கொண்டதற்குத்தான் பாராகிளைடிங் என்று பெயர்.

இதைப் படகின் பின்னால் கயிறு கட்டி இழுக்கிற பாராசெய்லிங்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது நம்மவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. அதில் மனிதன் பட்டம். கயிற்றின் மறுமுனை படகில் இருக்கிறது. இதிலோ கயிறும் இல்லை, இயந்திரமும் இல்லை. விமானத்திலிருந்து குதிக்கிறவரின் பாராசூட்டுக்கும் இதற்கும் உறவுண்டு; ஆனால் அது இறங்குவதற்காக ஏற்பட்டது, இது இறங்காமல் இருப்பதற்காக ஏற்பட்டது. டோமினா ஜால்பர்ட் என்பவர் 1960-களில், முன்புறம் வாய் திறந்த அறைகளைக் கொண்ட துணிச் சிறகு ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கினார். காற்று வாய்வழியே உள்ளே புகுகிறது, பின்புறம் வழியில்லாமையால் அடைபடுகிறது, துணி விறைத்துச் சிறகாகிறது. கண்மாயில் குளிக்கிற நம் சிறுவர்கள் நனைந்த வேட்டியைக் காற்றில் வீசி, நீரில் அமுக்கி, புடைத்து நிற்கிற அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு மிதப்பதை யார்தான் பார்த்ததில்லை? தத்துவம் அதுவே. பிறகு 1978-ஆம் ஆண்டில், பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலைச்சாரலிலுள்ள மியூசி என்ற ஊரில், பாராசூட் வீரர்கள் மூவர், குறித்த இடத்தில் இறங்கிப் பழகுவதற்கு ஒவ்வொரு தடவையும் விமானத்துக்குப் பணம் கொடுத்து மாளாமல், மலைச்சரிவிலிருந்து ஓடியே கிளம்பினால் என்ன என்று பார்த்தார்கள். உலகமெங்கும் பரவிவிட்ட ஒரு விளையாட்டு, சிக்கனத்தை உத்தேசித்துச் செய்த ஒரு காரியத்தில் ஆரம்பித்தது என்பதில் எனக்குத் தனியாக ஒரு திருப்தி உண்டு.

இமாசலப் பிரதேசத்துப் பீர்–பில்லிங், நேபாளத்தில் பேவா ஏரிக்கு மேலேயுள்ள சாரங்கோட், துருக்கியில் நீலக் கடற்கழியைப் பார்த்து நிற்கும் பாபாதாக் மலை ஆகியவை இந்தக் கலையின் பிரசித்தி பெற்ற க்ஷேத்திரங்கள். நம் மாநிலத்திலும் ஏலகிரியில் சில ஆண்டுகள் இதற்கென்று விழா நடந்ததுண்டு. ஆனால் கடலுக்கு மேலே பறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற தமிழனுக்குச் சோழமண்டலக் கரை உதவாது, அது தட்டை. கடற்காற்று வந்து மோதி மேலெழுவதற்கு அங்கே சுவர் இல்லை. அந்தச் சுவர் மலையாள தேசத்தில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே, வர்க்கலாவில் இருக்கிறது. மேலே செம்புறைக்கல், கீழே அடுக்கடுக்காக மணற்கல்லும் களிமண்ணுமாகக் கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிற அந்தக் குன்றின் பெயரையே அந்தப் பாறையடுக்குக்கு 'வர்க்கலை' அடுக்கு என்று சூட்டியிருக்கிறார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்றாகவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. குன்றின் அடியில் பாபநாசம் கடற்கரை. அருகில் ஜனார்த்தன ஸ்வாமி ஆலயம். சற்றுத் தொலைவில் ஸ்ரீ நாராயண குரு 1928-இல் சமாதியடைந்த சிவகிரி.

தங்கை மகன்தான் என்னை இதில் இழுத்துவிட்டவன். மதுரையிலிருந்து குருவாயூர் போகும் ரயிலில் ஏறி, தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்து, பதின்மூன்று வளைவுகள் கொண்ட அந்தப் பழைய கல் பாலத்தைக் கண்குளிரப் பார்த்து, கொல்லத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு வண்டியில் வர்க்கலா போய்ச் சேர்ந்தோம். மறுநாள் பிற்பகல் நான்கு மணிக்குக் குன்றின் உச்சியிலுள்ள திறந்த வெளியில் நின்றோம். பைலட் சுமார் முப்பது வயது மதிக்கத்தக்க மலையாளி. கடலைப் பார்த்தார், கம்பத்தில் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்தார், கையிலிருந்த சிறு காற்றுமானியை உயர்த்திப் பிடித்துச் சிறிது நேரம் நின்றார். பிறகு, "இன்னிக்கு வேண்டா சார். காத்து குறுக்கே வருது. நாளைக்குப் பார்க்கலாம்" என்றார்.

"என்ன மாமா, இவ்வளவு தூரம் வந்துட்டுச் சும்மா போறதா? இன்னொரு ஆளைக் கேட்டுப் பார்ப்போமா?" என்றான் மாப்பிள்ளை. எனக்கும் உள்ளூர எரிச்சல்தான். காற்று நன்றாகத்தானே வீசுகிறது, முகத்தில் அடிக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. பைலட் எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்ன விளக்கத்தைக் கேட்ட பிறகு, வரப்பில் உட்கார்ந்து நான் கற்ற பாடம் முழுவதும் எனக்குத் திரும்பி வந்தது.

பகலில் நிலம் சீக்கிரம் சூடேறுகிறது. கடல் நிதானமாகவே சூடேறுகிறது. நிலத்துக் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. நடுப்பகலுக்கு மேல் வலுத்து, மாலையில் சீராகி, பொழுது சாய்ந்தபின் ஓய்ந்துவிடுகிற இந்தக் கடற்காற்று குன்றின் சுவரில் நேர்க்குநேராக வந்து மோதினால், வேறு போக்கில்லாமல் மேல்நோக்கித் திரும்புகிறது. வாய்க்காலில் கிடக்கும் கல்லின்மேல் தண்ணீர் ஏறுவது போலத்தான். குன்றின் விளிம்பை ஒட்டி, நெடுக, கண்ணுக்குத் தெரியாத ஒரு மேல்நோக்கிய ஓடை உண்டாகிறது. பறக்கிறவர்கள் அதற்குள்ளேயே வடக்கும் தெற்குமாகப் போய்த் திரும்புகிறார்கள். காற்று சாய்வாக வந்தாலோ, ஓடை மெலிந்துவிடும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசினாலோ கேட்கவே வேண்டாம். கலுங்கில் மறுகால் பாய்கிற தண்ணீர் கீழே விழுந்து புரள்வதுபோல, காற்று விளிம்பிலிருந்து கவிழ்ந்து குன்றின் அடியில் சுழித்துக்கொண்டிருக்கும். நல்ல காற்றுள்ள நாளிலும்கூட, விளிம்புக்குப் பின்னால், நிலத்தின் பக்கம், அத்தகைய சுழி ஒன்று இருந்தே தீரும். கல்லுக்குப் பின்னால் சுழி இல்லாத வாய்க்காலை நான் கண்டதில்லை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். அதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. இந்தச் சிறகு எப்பொழுதும் கீழேதான் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒருபோதும் தானாக ஏறுவதில்லை. அசையாத காற்றில் அது மணிக்குச் சுமார் 36 அல்லது 38 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே செல்லும்; அப்படிச் செல்கையில் வினாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேலாக இறங்கியவண்ணம் இருக்கும். சுற்றியிருக்கிற காற்று அதைவிட விரைவாக மேலே போனால், சிறகும் மொத்தத்தில் மேலே போகும். கிணற்றில் தண்ணீர் சேந்துகிறபோது கயிற்றின்மேல் கீழ்நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் எறும்பைப் போல: எறும்பு இறங்குவதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது, கயிறோ அதை மேலே கொண்டுவந்து விடுகிறது. பருந்தின் கதையும் இதுவே.

மறுநாள் காற்று நேராக வந்தது. என் எடையைக் கேட்டார்கள். மரியாதைக்காக இரண்டு கிலோ குறைத்துச் சொல்ல வாயெடுத்தவன், உண்மையைச் சொன்னேன். இருவர் பறக்கிற சிறகு அவ்விருவரின் மொத்தப் பாரத்தைக் கணக்கிட்டே தைக்கப்பட்டது. பயணியின் எடையைக் கொண்டுதான், இன்றைய காற்று போதுமா என்று பைலட் தீர்மானிக்கிறார். அந்தச் சிறகைப் புல்லின்மேல் விரித்தபோது, அதன் பரப்பு ஏறக்குறைய ஒரு சென்ட் நிலம் இருந்தது. ஒரு சென்ட் நிலத்துக்காகக் கோர்ட் வாசலில் ஆயுளைக் கழித்தவர்களை நான் அறிவேன். அதே பரப்புள்ள நைலான் துணி, சுருட்டினால் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கி, எட்டுக் கிலோவுக்கு மிகாத சுமையாக, இரண்டு மனிதரை ஆகாயத்தில் நிறுத்துகிறது. துணியிலிருந்து இறங்கும் மெல்லிய கயிறுகள் கெவ்லார், டைனீமா போன்ற இழைகளால் ஆனவை. பார்க்கப் பூக்கட்டும் நார்போல இருந்தாலும் தடித்த மனிதனைத் தாங்கும். வெயிலும் கடலுப்பும்தான் இவற்றின் சத்துருக்கள் என்றும், ஆகையால் கடற்கரையில் பறக்கிற சிறகுகளை மலைச் சிறகுகளைவிட அடிக்கடி பரிசோதிக்க வேண்டும் என்றும் பைலட் சொன்னார்.

ஹெல்மெட்டை மாட்டி, ஹார்னஸ் என்ற அந்த இருக்கைக் கச்சையைத் தோளிலும் தொடைகளிலும் இறுக்கி, ஒவ்வொரு கொக்கியையும் அவர் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். பயணி முன்னால், பைலட் பின்னால். எனக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே ஒன்று: "நான் சொல்கிற வரை நடங்கள், உட்காராதீர்கள்." கால் தரையிலிருந்து சற்றே எழுந்தவுடன் பறந்துவிட்டதாக எண்ணி உட்கார்ந்துவிடுவது முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற பிழையாம், சிறகு இன்னும் முழுப் பாரத்தை ஏற்றிருக்காது, இருவரும் முழங்காலில் விழ நேரும். பைலட் சிறகைப் பார்த்துத் திரும்பி நின்று, கயிறுகளை ஒரு சுண்டு சுண்டினார். அந்த ஒரு சென்ட் நிலம் சலசலவென்று எழுந்து என் தலைக்கு மேல் வந்து நின்றது. மூன்றோ நான்கோ அடிகள் வைத்தேன். ஐந்தாவது அடிக்குத் தரை இல்லை.

விழப்போகிறோம் என்ற பயம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன், வரவில்லை. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் வருகிற கிறுகிறுப்புகூட இல்லை. நம்மைத் தரையோடு இணைக்கிற சுவரோ கம்பமோ கண்ணில் படாதபோது உயரம் என்கிற உணர்ச்சியே மழுங்கிப்போகிறது போலும். காதில் காற்றின் இரைச்சல் மாத்திரம் இருந்தது. கீழே, செம்மண் சுவரின் விளிம்பில் வரிசையாகக் கடைகளும், அவற்றின் பின்னே தென்னந்தோப்புகளும், முன்னே அரபிக் கடலும் மெல்லப் பின்னால் நகர்ந்தன. அலை கரைக்கு வருமுன் நெடுந்தூரத்திலேயே ஒரு நீண்ட மடிப்பாக எழுந்து, சிறிதும் அவசரமின்றி வருவதை மேலிருந்து பார்க்கையில், கரையில் நின்று பார்க்கிற அலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையென்று தோன்றுகிறது. கடலின் மேல் கிடந்த ஒளி, அடியில் மணல் உள்ள இடத்தில் பச்சையாகவும், ஆழத்தில் கருநீலமாகவும் மாறி மாறித் தெரிந்தது. எங்களுக்குச் சமமான உயரத்தில், கைக்கெட்டும் தூரம் என்று சொல்லும்படியாக, ஒரு செம்பருந்து வந்து கூடவே சிறிது தூரம் மிதந்தது. சிறகடிக்காத அந்தப் பறவை, ஒரு பக்கம் தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் உபயோகமற்றவர்கள் என்று தீர்மானித்து, ஒரு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தவள் விசயை. திருத்தக்க தேவரின் சீவக சிந்தாமணியில், இராசமாபுரத்து அரசன் சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவிக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதை ஓட்டவும் அவளைப் பழக்கினான். திருகை வலப்புறம் திருப்பினால் பொறி எழும். இடப்புறம் திருப்பினால் இறங்கும். பகைவன் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அவள் தன்னந்தனியே அதில் ஏறிப் போனாள். பொறி அவளைக் கொண்டுபோய் இறக்கியது சுடுகாட்டில். அங்கேதான் சீவகன் பிறந்தான். நம் இலக்கியத்தின் முதல் பெண் விமானி அவளே என்பேன். என் தலைக்கு மேலிருந்த பொறியிலும் வலமும் இடமும் உண்டு: வலக் கைப்பிடியை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடப்பிடியை இழுத்தால் இடப்பக்கம், இரண்டையும் ஒருங்கே இழுத்தால் வேகம் குறையும். ஏறுவதற்கு மட்டும் பிடி கிடையாது; அது காற்றின் அதிகாரத்தில் இருக்கிறது. கீழே பார்த்தால் பாபநாசம் மணல். கர்க்கடக வாவு நாளில் ஆயிரக்கணக்கானோர் பிதுர்களுக்குப் பலியிட்டுத் தர்ப்பணம் செய்கிற இடம். நல்லவேளையாக அந்தத் திதி மழைக்காலத்தில் வருகிறது. மழைக்காலத்தில் இங்கே யாரும் பறப்பதில்லை.

பதினைந்து நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தது. புறப்பட்ட புல்வெளியிலேயே இறங்க வேண்டும். விளிம்புக்குப் பின்னாலுள்ள சுழியில் அகப்படாமலும், விளிம்பைத் தாண்டி மறுபடி மேலே தூக்கப்படாமலும், மிகச் சிறிய இடத்தில் சிறகைக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான் பைலட்டின் சாமர்த்தியம் அனைத்தும் அடங்கியிருந்தது. "எழுந்து நில்லுங்கள்" என்றார், நின்றேன், பூமி வந்து பாதத்தைத் தொட்டது.

மாப்பிள்ளை என்னைத் தைரியசாலி என்று புகழ்ந்தான். அதை ஏற்பதற்கில்லை. இதில் பயணி செய்கிற வீரச்செயல் ஒன்றும் இல்லை. அவன் ஒரு மூட்டை, நன்றாகக் கட்டப்பட்ட மூட்டை. விவேகம், பயிற்சி, பொறுப்பு எல்லாம் பின்னால் உட்கார்ந்திருப்பவருடையவை. ஆகவே பணம் கொடுக்குமுன் நாம் பரிசீலிக்க வேண்டியது நம்முடைய துணிச்சலை அல்ல, அந்த மனிதரைத்தான். 2023 மார்ச்சில் இதே பாபநாசம் கடற்கரையில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அவரைப் பறக்கவைத்தவரும் உயர்கம்ப விளக்கொன்றில் சிக்கித் தொங்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். 2025 ஜனவரியில் வட கோவாவின் கேரி என்ற இடத்தில் ஒரு சுற்றுலாப் பெண்ணும் அவருடைய பைலட்டும் உயிரையே இழந்தார்கள். இமாசலப் பிரதேசம் 2004-லேயே இதற்கென்று விதிகள் வகுத்தது. மத்திய அரசு 2022-இல் தேசிய வான் விளையாட்டுக் கொள்கையை வெளியிட்டது. விதிகள் வேண்டியவைதாம். ஆனால் மாலை நான்கு மணிக்குப் புல்வெளியில், வரிசையில் பத்துப் பேர் பணத்தோடு காத்திருக்கையில், "இன்று வேண்டாம்" என்று சொல்கிற வாயை எந்தச் சட்டமும் செய்துகொடுக்க முடியாது. முதல் நாள் எனக்கு எரிச்சலூட்டிய அந்த வார்த்தையைத்தான், பறந்த பதினைந்து நிமிஷங்களைக் காட்டிலும் மேலானதாக இப்போது மதிக்கிறேன். அதைச் சொன்னவர் அன்று எங்கள் இருவருடைய கட்டணத்தை இழந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பைலட்டின் உரிமச் சான்றையும், அவருடைய இருக்கையோடு மாற்றுப் பாராசூட் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல பைலட் இந்தக் கேள்விகளால் கோபிப்பதில்லை. கம்பமும் கம்பியும் நெருங்கியிருக்கிற இடத்திலிருந்து கிளப்புகிறவரிடம் போகாதீர்கள். எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கடல் அதைத் திருப்பித் தராது. மழை ஓய்ந்தபின், கார்த்திகை தொடங்கிச் சித்திரைக்குள் போவது உசிதம். ஒரே நாளில் போய்த் திரும்புகிற திட்டம் மட்டும் வேண்டாம்: இரண்டு நாள் தங்குமாறு டிக்கெட் எடுங்கள், ஒரு நாளைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள்.